வீட்டில் நெட் படுத்துவிட்டால்: வைஃபை, ரூட்டர் பழுதைப் படிப்படியாகப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

நெட் போனதும் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார். ஒருவர் கேபிள்காரருக்கு ஃபோன் போடுவார். பிள்ளைகள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுவார்கள். ஆஃப் செய்து ஆன் செய்தால் பாதி நேரம் வந்தும்விடும். அதுதான் வம்பே. எது கெட்டிருந்தது என்று தெரியாமலே வந்துவிட்டதால், இரண்டு நாள் கழித்து மறுபடி போகும், மறுபடி அதே கூத்து.

கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை வரும் ஃபைபர், அதை வாங்கும் பெட்டி, பெட்டிக்கும் ஃபோனுக்கும் நடுவில் இருக்கும் காற்றுவெளி, கடைசியாக உங்கள் கையில் இருக்கும் கருவி. இணையம் இந்த நாலு இடத்தைத் தாண்டி வருகிறது. பழுது இதில் எந்த இடத்தில் என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். காற்றில் கோளாறு இருக்கும்போது கம்பனி ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து, ரூட்டர் பக்கத்திலேயே நின்று ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டி, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஃபைபர் இணைப்பு. ஃபைபரை வாங்கும் ஓஎன்டியும் வைஃபை ரூட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் வகை.

படி 1: ஒருவருக்கா, எல்லாருக்குமா?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. உங்கள் ஃபோனில் வரவில்லை, டிவியில் வருகிறது என்றால் ரூட்டரைத் தொடவே தொடாதீர்கள், கோளாறு ஃபோனில். நேராகப் படி 5-க்குப் போய்விடலாம். எல்லாக் கருவியிலும் இல்லையென்றால் பெட்டியோ வெளி லைனோ. ஹாலில் வருகிறது, படுக்கையறையில் வரவில்லை என்றால் காற்று.

கூடவே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பில் கட்டியாகிவிட்டதா? மாதக் கணக்கு முடிந்த அன்று லைன் நின்றுபோய், அது தெரியாமல் ரூட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர். மொபைல் டேட்டாவில் அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

படி 2: பெட்டியின் விளக்குகளைப் படியுங்கள்

ரூட்டர் டிவிக்குப் பின்னால் இருந்தால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பாருங்கள், பாதி பதில் அங்கேதான்.

பான் என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறது, கம்பனியின் கருவியோடு உங்கள் பெட்டி பேசிவிட்டது என்று பொருள். பான் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டி இன்னும் பதிவுக்கு முயன்றுகொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை. இந்த நிலையில் ரூட்டருக்குள் எந்த அமைப்பை மாற்றியும் பயன் இல்லை.

பான் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு அல்லது அணைந்திருக்கிறது என்றால் கண்ணாடி இழையில் கோளாறு இல்லை. பெட்டியால் கணக்கில் லாகின் செய்ய முடியவில்லை. பெரும்பாலும் பில் பாக்கி, கம்பனி பக்கத்துச் சர்வர் கோளாறு, இல்லையென்றால் யாரோ ரூட்டரை ரீசெட் செய்து யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோயிருக்கும்.

எல்ஓஎஸ் சிவப்பு எரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய வயரைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா? வீடு துடைக்கும்போது இழுபட்டு எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா? ஃபைபர் என்பது கண்ணாடி. செம்புக் கம்பி போல மடக்கிக் கட்டினால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். வளைக்க வேண்டுமென்றால் டீ டம்ளரின் வாயளவு வட்டமாவது இருக்கட்டும். செருகியை ஒருமுறை மெதுவாக எடுத்து, கிளிக் என்று உட்காரும்படி திரும்பப் போடலாம். ஆனால் அதன் வெள்ளை முனையை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் 1490 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே ஆபத்து. பச்சை நிறச் செருகியையும் நீல நிறச் செருகியையும் ஒன்றோடொன்று சேர்க்கவும் கூடாது. பச்சையின் முனை சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் அப்படியில்லை. சேர்த்தால் வெளிச்சம் வீணாகும்.

2021-இல் தமிழக மின்துறை அமைச்சர் மின்வெட்டுக்கு அணிலைக் காரணம் சொன்னபோது நாடே மீம் போட்டுச் சிரித்தது. மொட்டை மாடி வழியாக வரும் ஃபைபரைப் பொறுத்தவரை அணிலும் எலியும் நிஜமாகவே குற்றவாளிகள்தான். மேலுறையைக் கடித்திருக்கிறதா என்று மாடியில் ஒரு நடை பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தால், வருகிற ஆள் எங்கே ஏற வேண்டும் என்று தெரிந்து வருவார்.

நெட் முழுசாகப் போகாமல் விட்டு விட்டு வருகிறதா? ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வரும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் காட்டும். பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் பலம் அது, டிபிஎம் என்ற அலகில். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு விழுந்து விழுந்து எழும். இந்த அளவில் ஒவ்வொரு 3-க்கும் வெளிச்சம் பாதியாகிறது. போன மாதம் மைனஸ் 20, இன்று மைனஸ் 26 என்றால் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் கால் பங்குதான் மிச்சம். நெட் நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த எண்ணை ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு மட்டும் போகும் லைன் என்றால் கம்பத்தில் இருக்கும் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகப்படலாம். அதை நிரூபிக்க இந்த எண்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

படி 3: அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்

விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் ஒரு நாளில் பல தடவை தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. இதற்கு ரூட்டரைவிட அடாப்டர் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. வருடக் கணக்கில் சூட்டிலேயே கிடந்து உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்துவிடும். விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் தரும், வேலை கூடினால் தாக்குப்பிடிக்காது. மாற்றும்போது வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கண்ணிமைப்பில் ரூட்டர் அணைந்து, திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறதா? இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம்.

செட்டாப் பாக்ஸ் மேலே ரூட்டர், அதன் மேலே துணி விரிப்பு, பக்கத்தில் பொம்மை என்று அடுக்கியிருந்தால் கத்திரி வெயிலில் அது திணறும். தனியாக, காற்றுப் படும்படி வையுங்கள்.

படி 4: ரீஸ்டார்ட் செய்யலாம், ரீசெட் வேண்டாம்

சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, பிறகு போடுங்கள். பான் விளக்கு நிலைக்கும் வரை காத்திருங்கள். அவ்வளவுதான் ரீஸ்டார்ட்.

பெட்டியின் பின்னால் ஊசித் துளைக்குள் ஒரு பட்டன் இருக்கும். அது ரீசெட். அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் கம்பனி போட்டுவைத்த லாகின் உள்பட எல்லாம் அழிந்து பெட்டி புதிதாக வந்த நிலைக்குப் போய்விடும். சில நிறுவனங்களின் பெட்டி தானே திரும்ப எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். உள்ளூர் ஆபரேட்டர்கள் கொடுக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆள் வந்து கையால் அடித்தால்தான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ரீசெட் அழுத்தினால் திங்கட்கிழமை வரை நெட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரே ஒரு ஃபோனில் மட்டும் வரவில்லை

வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து, பாஸ்வேர்டு அடித்து மறுபடி சேருங்கள். பாதி வழக்கு இதிலேயே முடியும். முடியாவிட்டால், வைஃபையில் சேர்ந்திருக்கிறது ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்ற நிலைக்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு.

தேதியும் நேரமும் தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். பேட்டரி தீர்ந்து நெடுநாள் கிடந்த பழைய ஃபோன், டேப்லெட், கடிகாரத்தை ஓட்டும் பயாஸ் பேட்டரி செத்த கணினி இவற்றில் இது சகஜம். ஆண்ட்ராய்டில் விளம்பரத்தைத் தடுக்கவென்று யாராவது பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) போட்டிருந்தால், அந்தச் சர்வர் படுக்கும்போது உங்கள் ஃபோனும் கூடவே படுக்கும். அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். விபிஎன் ஆப் ஏதாவது பின்னணியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

கணினியின் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். வைஃபையை அணைத்துப் போட்டு, அப்புறமும் அதே கதை என்றால் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாக வாங்கிய ஸ்மார்ட் பல்போ சிசிடிவி கேமராவோ சேரவே மாட்டேன் என்றால் அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. ரூட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருந்தாலும் பழைய கருவிகள் நுழையாது; டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

படி 6: மூன்று பிங், பழுது எங்கே என்று தெரிந்துவிடும்

நெட் வருகிறது ஆனால் தேங்கித் தேங்கி வருகிறது என்பதுதான் பிடிக்கச் சிரமமான நோய். வீடியோ கால் உறையும், கேம் துள்ளும், ஆனால் விளக்கெல்லாம் பச்சை. இதற்கு இருக்கும் சோதனைகளிலேயே எனக்குப் பிடித்தது இது. காசு செலவில்லை, ஆப் வேண்டாம்.

பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை. வைஃபையில் இணைந்த விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, அந்தக் கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள், 192.168.1.1 என்பது போல. கடைசியில் மைனஸ் டி சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். ரூட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பதில் ஒற்றை இலக்க மில்லி செகண்டில் சீராக வர வேண்டும். 3, 2, 4, 3 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 180, 340, டைம்டு அவுட் என்று தாவினால் பழுது காற்றில். கம்பனிக்கு இதில் சம்பந்தமே இல்லை. படி 7-க்குப் போங்கள்.

ரூட்டர் சீராகப் பதில் தருகிறது என்றால் அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் சர்வரான 8.8.8.8-ஐ பிங் செய்யுங்கள். அது தாவினாலோ விட்டுப்போனாலோ வெளி லைன் அல்லது கம்பனி. அதுவும் சீராக இருந்து, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில். ரூட்டரிலோ கணினியிலோ டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று போட்டால் சரியாகிவிடும். வாட்ஸ்அப் மட்டும் ஓடுகிறது, பிரவுசரில் எதுவும் திறக்கவில்லை என்று சொல்பவர்களுக்கும் பல நேரம் இதே மருந்துதான்.

படி 7: காற்றில் இருக்கும் கோளாறு

நம் ஊர் வீடுகளில் வைஃபைக்கு முதல் எதிரி ஸ்டீல் பீரோ. அதிலும் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. தகரத்தை ரேடியோ அலை ஊடுருவாது. கண்ணாடியின் பின்னால் இருக்கும் பூச்சும் உலோகமே. ரூட்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் பீரோ நின்றால், பத்தடி தூரத்திலும் சிக்னல் ஒரு புள்ளிதான் காட்டும். பீரோவை நகர்த்த வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ரூட்டரை நகர்த்துங்கள். அடுத்தடுத்த எதிரிகள் கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மீன் தொட்டி, ஃபிரிட்ஜ். ஃபைபர்காரர் தனக்கு வயர் மிச்சமாகும் இடத்தில், அதாவது வாசலை ஒட்டிய மூலையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். சிக்னலில் பாதி தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் பெட்டி இருப்பது நல்லது. லாஃப்ட்டுக்குள் தள்ளிவிடாதீர்கள்.

வைஃபை அனலைசர் போன்ற ஓர் ஆப்பை ஆண்ட்ராய்டு ஃபோனில் போட்டு அறை அறையாக நடந்து பாருங்கள். மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 75-ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் தகராறு நிச்சயம்.

வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் குணமும் வேறு வேறு. 2.4 தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் மெதுவானது, கூட்டம் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ஃபோன் எதில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து 2.4-இல் தவழ்ந்துகொண்டிருக்கும். பெயரைப் பிரித்து வைப்பதே என் சிபாரிசு. டிவி, லேப்டாப், ஃபோனுக்கு 5. பல்பு, கேமரா, தூரத்து அறைக்கு 2.4.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் சேனலையும், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த தடத்தையும் பார்க்க வேண்டும். 2.4-இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்று மட்டுமே. ஆப்பில் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். யாரும் இல்லையே என்று 3-இலோ 4-இலோ போய் உட்கார்ந்தால் இருபக்கமும் இடி வாங்குவீர்கள். 5-இல் 36 முதல் 48 வரையிலும் 149-க்கு மேலும் நிம்மதி. நடுவில் 52-இலிருந்து 144 வரை ரேடாரோடு பகிரும் சேனல்கள். ரேடார் சத்தம் கேட்டால் ரூட்டர் உடனே சேனல் மாறியாக வேண்டும் என்பது விதி. ஏர்போர்ட் பக்கம் குடியிருந்து, 5 மட்டும் திடீர் திடீரெனக் காணாமல் போகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாடிக்கும் கீழுக்கும் ஒரே ரூட்டர் போதாது. சுவரில் செருகும் மலிவான எக்ஸ்டெண்டர், வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். முடிந்தால் மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டாக வையுங்கள். அப்படி வைக்கும்போது இரண்டாவது பெட்டியின் முகவரியை 192.168.1.2 என்பது போல மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். பாதி ஃபோனுக்கு நெட் வரும், பாதிக்கு வராது. கேபிள் இழுக்க வழியில்லாதவர்களுக்குத்தான் மெஷ், அதாவது தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொண்டு ஒரே நெட்வொர்க்காக ஓடும் பல பெட்டிகள்.

படி 8: கட்டும் காசுக்கு வேகம் இல்லை

முதலில் ஒரு கணக்கு. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டவுன்லோடு நொடிக்கு 12 எம்பி காட்டினால் அது சரியான வேகம். பிட்டில் சொல்வதை பைட்டுக்கு மாற்ற எட்டால் வகுக்க வேண்டும்.

வேகத்தை அளப்பது என்றால் லேப்டாப்பை லான் கேபிளில் ரூட்டரோடு நேரே இணைத்து அளப்பதுதான். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் படி 7-க்குத் திரும்புங்கள். 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் கேபிளில் 94-இலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அது கிட்டத்தட்டக் கைரேகை போல: எங்கோ ஒரு இடம் 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டிருக்கிறது. லான் கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரே ஒரு கம்பி விட்டிருந்தாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்படியும் 94 என்றால் ரூட்டரின் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ ஜிகாபிட் வகையே இல்லை.

டவுன்லோடு நன்றாக இருந்தும் மீட்டிங்கில் உங்கள் குரல் மட்டும் உடைகிறதா? யாருடைய ஃபோனாவது கல்யாண வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு வழி நிரம்பினால் எல்லாமே நெரியும். ரூட்டரில் கியூஓஎஸ் இருந்தால் வேலைக் கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லையென்றால் பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். ரூட்டருக்குள் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். அடையாளம் தெரியாத ஃபோன் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளைச் சேரவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டும் பழையபடியே அட்மின் என்று இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேபிளில் அளந்தும் சாயங்காலம் ஏழிலிருந்து பத்துவரை மட்டும் வேகம் விழுந்தால் அது வெளியே நெரிசல். நீங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

படி 9: புகார் கொடுக்கும் விதம்

"நெட் வரலைங்க" என்று சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் பதில் வரும். "எல்ஓஎஸ் சிவப்பு எரிகிறது, வீட்டுக்குள் வயர் நன்றாக இருக்கிறது" என்றோ, "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28, போன மாதம் மைனஸ் 21" என்றோ, "கேபிளில் பிங் செய்தேன், ரூட்டர் சரி, 8.8.8.8 விட்டுப்போகிறது" என்றோ சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். ஃபோனில் சொன்னதோடு விடாமல் டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். லைன்மேனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது சீக்கிரம் வேலை நடக்க உதவும், ஆனால் அது பதிவாகாது.

எண் வாங்கியும் சரிசெய்யவில்லை என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனுவோடு டாக்கெட் எண், விளக்குகளின் படம், ஆர்எக்ஸ் பவர் ஸ்கிரீன்ஷாட், தேதி போட்ட பிங் முடிவு இந்த நாலையும் இணைத்துவிடுங்கள்.